மாடேறி வந்த வேலிக்காத்தான்

கோடையில் சென்னையை ஒட்டிய சித்தாலப்பாக்கம் ஏரி வற்றி, கரைப்புல்லும் கருகிக் கிடக்கும்போதுதான் வேலிக்காத்தான் நெத்து பழுத்து உதிரும். தெற்கே சீமைக்கருவேலம் என்பார்களே, அதே மரம்தான். மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் சரக்கு. 1870களில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்கு வந்து கடப்பைப் பக்கம் காலூன்றியது. கொண்டுவந்தது மனிதன். ஊர் ஊராகச் சேர்த்ததில் மாட்டுக்குப் பெரும்பங்கு.

நெத்து மஞ்சளாக, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். சதை இனிக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் தனித்தனிக் கெட்டி ஓடு. வெள்ளாடு நறநறவென்று மென்றுவிடும். அதன் வாய்க்குத் தப்புவது குறைவு. மாடு அவசரமாக விழுங்கி, பிறகு சாவகாசமாக அசை போடும். சதை கரையும், விதை தப்பிவிடும். இரண்டு மூன்று நாள் வயிற்றுச் சூட்டில் ஊறி ஓடு இளகும். கீழே கிடந்திருந்தால் துளைத்திருக்கும் வண்டிடமிருந்தும் தப்பித்தாயிற்று.

அதற்குள் மாடு எங்கேயோ போயிருக்கும். மேடவாக்கம் கூட்ரோட்டில் பேருந்தை மறித்து நிற்கிற மாட்டின் வயிற்றில் ஒரு தோப்பே இருக்கலாம். ஹாரன் அடிக்கிறவருக்கு அது தெரியாது. பெரும்பாக்கம் ஏரிக்கரையில் சாணி விழுகிறது. ஈரமும் எருவும் கூடவே வருவதால் விதைக்கு வேறெதுவும் வேண்டாம். முளைக்காததை ஐப்பசி வெள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்புக்குத் தள்ளிக்கொண்டு போகும். 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய அந்தச் சதுப்பின் ஓரத்திலும் இந்த மரம் நிற்கிறது.

குளம்புச் சேறும் சும்மா வருவதில்லை. கோரை, புல் விதைகள் அதில் ஒட்டிவரும். சேற்றுக்குள் எவ்வளவு விதை இருக்கும்? குளத்துச் சேற்றில் மூன்று கரண்டி எடுத்து ஆறு மாதம் வைத்திருந்த டார்வின், முளைத்த செடிகளை எண்ணினார்: 537.

அதற்காக மாட்டை விரட்டச் சொல்லவில்லை. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் 1982-இல் மேய்ச்சலை நிறுத்தினார்கள். எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் மண்டி, பறவைகள் நீந்தும் தண்ணீரையே மூடிவிட்டது. ஏரிக்கு மாடு வேண்டும், நெத்துதான் வேண்டாம்.

ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் மட்டும் போதாது. பக்கத்து ஏரியில் ஒரு மரம் காய்த்தாலும் மாடு விதையைக் கொண்டுவந்துவிடும். ஆகவே, கரையோர மரங்களைக் காய்க்குமுன் வெட்டுங்கள். வெட்ட முடியாத இடத்தில் நெத்தைப் பொறுக்கி, அரைத்து மாட்டுக்கு வையுங்கள். அரைபட்ட விதை முளைக்காது. தீவனச் செலவும் குறையும்.