பிறப்பும் அரியணையும்

திருகோணமலை உள்துறைமுகத்தை அணைந்து நிற்கும் மேட்டுநிலத்தைத் தமிழர் உவர்மலை என்பர். ஆங்கிலர் அதனை ஓர்ஸ் ஹில் என அழைத்தனர். ஓர் என்பது ஸ்கொத்லாந்து நாட்டில் வழங்கும் குடிப்பெயர்களுள் ஒன்று. அம்மேட்டின்கீழ் விரிந்து கிடக்கும் துறைமுகத்தைக் கைக்கொள்ள ஐரோப்பியர் பலர் போரிட்ட வரலாறு எவரும் அறிந்ததே. ஆனால் 1803 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் வாரத்தில் இத்துறைமுகத்திலிருந்து லெப்டினன்ட் கேணல் பார்பட் என்பவரின் தலைமையில் ஒரு படை கண்டியை நோக்கிப் புறப்பட்டதையும், ஓர் இளைஞனின் பிறப்புரிமை அப்படையெடுப்பின் துணையாகக் கொள்ளப்பட்டதையும் நினைவுகூர்வோர் சிலரே.

போருக்குச் சொல்லப்பட்ட காரணம் பாக்கு. ஆங்கிலராட்சிக்குட்பட்ட புத்தளத்து முஸ்லிம் வணிகரின் பாக்கைக் கண்டியார் பறித்தனர் என்பதும், அதற்கு ஈடு தரத் தவறினர் என்பதும் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தின் முறைப்பாடு. கண்டியிலே அரசு வீற்றிருப்பவன் உரியவன்தானா என்ற வினா பாக்கு விவகாரத்திற்கு மூத்தது.

கண்டியின் அரசுரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே செல்வதாய் அமையவில்லை. 1739 இல் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது அவனுக்கு உனம்புவை என்னும் மகன் ஒருவன் இருந்தான். எனினும் அவனுடைய தாய் அரசகுலத்தவள் அல்லள் என்ற காரணத்தால் அவன் விலக்கப்பட்டான். மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் முடி சூடினான். அவனும் மகவின்றி 1747 இல் இறக்க, அவனுடைய தேவியின் உடன்பிறந்தானான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அரசனானான். இவ்வாறு இருமுறை அரசியின் உடன்பிறந்தானிடம் முடி சென்றது. 1782 இல் கீர்த்தி ஸ்ரீ இறந்தபின் அவன் தம்பி ராஜாதி ராஜசிங்கன் பட்டம் பெற்றான். யாருடைய மகன் என்பதைக் காட்டிலும் எந்தத் தாயின் வயிற்றில் வந்தவன், எந்த அரசிக்கு உறவினன் என்பதே அங்குக் கேட்கப்பட்டது. பெருமக்களின் இசைவும் வேண்டப்பட்டது.

1798 இல் ராஜாதி ராஜசிங்கனும் மகவின்றி மாண்டான். முன்வழக்கை நோக்கின் அரசியின் உடன்பிறந்தானாகிய முத்துசாமிக்கு உரிமை இருந்தது. ஆனால் மகா அதிகார் பிலிமத்தலாவை வேறொருவனைத் தெரிந்தார். அவன் அரசகுடும்பத்துப் பெண்ணொருத்தியின் மகனான கண்ணுசாமி. அப்போது பதினெட்டு வயதினன். அவனே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எனப் பெயர் பூண்டு கண்டியின் இறுதி அரசனானான். முத்துசாமி தப்பியோடி ஆங்கிலரிடம் அடைக்கலம் புகுந்தான்.

கண்ணுசாமி உண்மையில் பிலிமத்தலாவையின் மகனே என்னும் பேச்சும் நாட்டில் உலவிற்று. இதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆயினும் இத்தகைய பேச்சு எழுதற்குரிய காரணம் வெளிப்படை: முன்வழக்கிற் சிறந்தவனை விடுத்து வலிமை குறைந்தவனை ஓர் அமைச்சர் முடிசூட்டினால், அதற்குரிய மறைபொருளை மக்கள் பிறப்பிலே தேடுவர். பிலிமத்தலாவை பின்னர் அவ்வரசனையே ஒழிக்குமாறு நோர்த்திடம் இரகசியமாய்ப் பேசினார். 1811 ஆம் ஆண்டளவில் அவ்வரசனாலேயே சிரச்சேதம் செய்யப்பட்டார். தந்தை மகனிடையே இவ்வாறு நடவாது என்று வாதிடலாம். அரசகுலங்களின் வரலாறு அவ்வாதத்துக்கு வலுவூட்டவில்லை.

கொழும்பிலிருந்து புறப்பட்ட மற்றைப் படைக்குத் தலைவராயிருந்த ஜெனரல் ஹே மக்டவல், ஸ்கொத்லாந்தின் பழைய நிலவுடைமைக் குடியொன்றிற் பிறந்தவர். பிறப்பு வழக்கு இன்னதென்பது அவருடைய நாட்டார்க்குப் புதியதன்று. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் முடிவுற்ற டக்ளஸ் வழக்கு அந்நாட்டையே இரண்டாகப் பிளந்திருந்தது. கண்டியின் வினாவை விளங்கிக்கொள்ள அவ்வழக்கு உதவும். ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைத்தல் தகும்.

டக்ளஸ் கோமகனின் தங்கையான ஜேன் சீமாட்டி 1746 இல் ஜோன் ஸ்டுவர்ட் என்னும் வறிய படைத்தலைவரை மறைவாக மணந்தார். 1748 யூலை 10 ஆம் நாள் பாரிஸ் நகரிலே, தம் ஐம்பதாவது வயதில், இரட்டை ஆண்குழந்தைகளைப் பெற்றதாக அறிவித்தார். ஆர்ச்சிபால்ட், ஷோல்ட்டோ என்பன அவற்றின் பெயர்கள். கோமகன் இதனை நம்பவில்லை. தங்கைக்குக் கொடுத்துவந்த உதவிப்பணத்தை நிறுத்தினார். 1753 இல் அவர் குழந்தைகளுடன் தமையனின் கோட்டை வாயிலுக்கு வந்து நின்றபோது கதவு திறக்கப்படவில்லை. அவ்வாண்டிலேயே முதலில் ஷோல்ட்டோவும் பின்னர் ஜேனும் இறந்தனர். கோமகன் முதுமையில் மணந்த மனைவி அச்சிறுவன் பக்கம் நின்று வாதாடினார். அதனால் 1761 இல் இறக்குந் தறுவாயிற் கோமகன் மனம் மாறி, சொத்தை ஆர்ச்சிபால்ட்டுக்கு விட்டார்.

இன்னொரு பெருங்குடியான ஹமில்டன் கோமகனின் பாதுகாவலர் இதனை எதிர்த்தனர். அவர்களின் சார்பில் அண்ட்ரூ ஸ்டுவர்ட் என்னும் சட்டவறிஞர் பாரிஸ் சென்று தெருத்தெருவாய் விசாரித்தார். அக்காலத்தில் அந்நகரில் இரு ஏழைக் குடும்பங்கள் தத்தம் ஆண்குழந்தையை இழந்திருந்தன என்று அவர் கண்டார். ஒன்று கண்ணாடித் தொழிலாளியின் குழந்தை; மற்றது கயிற்றிலாடும் கூத்தாடியின் குழந்தை. சீமாட்டி பெறவில்லை, விலைக்கு வாங்கினார் என்பது அவர் வாதம். பேறு பார்த்த மருத்துவர் எழுதியனவாகக் காட்டப்பட்ட கடிதங்கள் தந்தையால் புனையப்பட்டவை என்பதும் வெளிவந்தது. எனினும் அத்தந்தை 1764 இல் மரணப்படுக்கையிற் கிடந்து, பிள்ளைகள் தமக்கே பிறந்தவர்கள் எனச் சத்தியஞ் செய்தார்.

1767 யூலையில் எடின்பரோ நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகளும் எட்டுக்கு ஏழாகப் பிரிந்தனர். தலைமை நீதிபதியின் வாக்கினால் ஆர்ச்சிபால்ட் தோற்றான். 1769 பெப்ரவரி 27 ஆம் நாள் இலண்டன் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. தாயுந் தந்தையும் தம்மகவென ஏற்று வளர்த்த பிள்ளையை ‘அன்று’ என்பவனே அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது வெற்றிபெற்ற பக்கத்தின் வலிய நியாயம். மான்ஸ்பீல்ட் பிரபு இன்னும் ஒருபடி மேற்சென்று, அத்துணை உயர்குடிப் பிறந்த பெண் இத்தகைய வஞ்சனை செய்யாள் எனப் பேசினார். மகனின் பிறப்பை மெய்ப்பிக்கத் தாயின் பிறப்பே சான்றாயிற்று! அண்ட்ரூ ஸ்டுவர்ட் அவருக்கு விடுத்த கண்டனக் கடிதங்களை 1773 இல் வெளியிட்டார். எடின்பரோ மக்களோ தீர்ப்பைக் கேட்டு ஆர்ப்பரித்து, எதிர்ப்பக்கத்து நீதிபதிகளின் வீட்டுச் சாளரங்களை உடைத்தனர். ஆர்ச்சிபால்ட் 1790 இல் பிரபுவாகி, 1827 வரை நிலங்களை ஆண்டு இறந்தார். அவருடைய ஆண்வழி அற்றுப்போக, நிலங்கள் பெண்வழியே ஹோம் குடியைச் சேர்ந்தன. 1963 இல் பிரித்தானியப் பிரதமரான சேர் அலெக் டக்ளஸ் ஹோம் அவ்வழியிற் பிறந்தவர்.

அவ்வழக்கிலும் மெய் எதுவென எவரும் முடிவாக அறிந்தாரல்லர். ஆயினும் சாட்சிகள் வினாவப்பட்டனர், கடிதங்கள் ஆராயப்பட்டன, தோற்ற பக்கத்துக்கு மேன்முறையீடு இருந்தது, எவனுடைய தலையும் வீழவில்லை. கண்டியில் முத்துசாமியும் கண்ணுசாமியும் தம் வழக்கைக் கொண்டுசெல்லத்தக்க மன்றம் ஒன்றேனும் இல்லை. அமைச்சரின் தெரிவு ஒருவனுக்கு மன்றமாயிற்று. அந்நியரின் துப்பாக்கி மற்றவனுக்கு மன்றமாயிற்று.

1803 பெப்ரவரியில் இருபடைகளும் கண்டியை அடைந்தபோது நகரம் வெறிதாய்க் கிடந்தது. அரசன் மலைப்புறம் சென்றுவிட்டான். மார்ச் 8 ஆம் நாள் முத்துசாமி அரசனாக்கப்பட்டான். அதற்கு விலையாக ஏழு கோறளையையும், கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பாதை அமைப்பதற்கு வேண்டிய நிலத்தையும் அவன் ஆங்கிலருக்கு விட்டுக்கொடுக்க உடன்பட்டான். கண்டியார் ஒருவரும் அவனை வணங்க வரவில்லை. ஆங்கிலர் விரைவில் தம் தவற்றை உணர்ந்தனர். உணர்ந்தபின் செய்தது அதனினும் கொடிது. முடிசூட்டி இரண்டு திங்கள்கூட நிறையுமுன் பிலிமத்தலாவையுடன் அவர்கள் செய்த உடன்பாட்டின்படி, ஆட்சி அவருக்கு. முத்துசாமிக்கு யாழ்ப்பாணத்தில் இருக்கையும் வாழ்க்கைப்பணமும். அவன் பிறப்புரிமை மெய்யென்றே ஆங்கிலர் கருதியிருப்பின் இத்துணை விரைவில் அதனைக் கைவிட்டிரார். பொய்யென்று கருதியிருப்பின் முடிசூட்டியதற்கு நியாயமில்லை. அவ்வுரிமையை அவர்கள் ஆராய்ந்ததேயில்லை என்பதே பொருந்தும்.

காய்ச்சல் படையைத் தின்றது. பார்பட்டும் நோயால் மாண்டார். கண்டியிற் குறைந்த படையுடன் விடப்பட்டவர் மேஜர் டேவி. யூன் 24 ஆம் நாள் கண்டியார் தாக்கினர். படை ஆயுதங்களுடன் திருகோணமலைக்குப் போகலாம், முத்துசாமியும் உடன் செல்லலாம் என்ற வாக்கின்மீது டேவி சரணடைந்தார். வட்டப்புலுவையில் மகாவலி கங்கை பெருகி ஓடியது; கடக்க ஓடமில்லை. கரையில் நின்றபோது முத்துசாமியை ஒப்புவித்தால் ஓடம் தருவோம் என்ற செய்தி வந்தது. டேவி முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார். முத்துசாமியும் அவன் உறவினரும் அரசன்முன் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஓடம் வரவில்லை. மறுநாள் படையினர் அழிக்கப்பட்டனர். காயத்துடன் தப்பிய பாண்ஸ்லி என்னும் கோப்ரல் மாத்தளைப்புறத்திருந்த மக்டவல் கோட்டையை அடைந்து செய்தி சொன்னான். அங்கிருந்த கப்டன் மட்ஜ் தம் ஆட்களுடன் பின்வாங்கித் திருகோணமலை வந்து சேர்ந்தார். முத்துசாமி நிலங்கொடுத்த பாதை வெட்டப்படுமுன்னரே அவன் முடிவைச் சொல்லுவோர் இத்துறைமுகத்தை எய்தினர்.

முத்துசாமியை அரசன் வினாவிய செய்தி ஆங்கிலரின் குறிப்புகளில் உள்ளது. அங்கு அவனுடைய பிறப்பு மறுக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அரசகுலத்தவனாயிருந்தும் அந்நியரிடம் அடைக்கலம் புகலாமோ என்பதே அவன்மேற் சாட்டப்பட்ட குற்றம். எந்தக் குருதி அவனை உரியவனாக்கியதோ, அதுவே அவன் குற்றத்தைப் பெரிதாக்கியது.

1815 மார்ச் 2 ஆம் நாள் ஒப்பந்தம் இவ்வினாவை வேறுவகையில் முடித்தது. மலபாரிகள் என்று சுட்டப்பட்ட அவ்வரசகுலத்தின் உரிமை முழுவதும் அழிக்கப்பட்டது. அரசனுக்குக் குருதியாலோ மணத்தாலோ உறவான ஆடவர் இசைவின்றிக் கண்டி மாகாணங்களுட் புகுதலும் தடுக்கப்பட்டது. யார் உரியவன் என்னும் வழக்குப் போய், யார் உறவினன் என்பதே தண்டனைக்கு ஏதுவாயிற்று. அவ்வொப்பந்தத்தில் ஒப்பமிட்ட சிங்களப் பெருமக்களுட் சிலருடைய கையெழுத்துகளில் தமிழெழுத்துக் காணப்படுதல் தனியே ஆராயத்தக்கது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832 சனவரி 30 ஆம் நாள் அங்கே உயிர் நீத்தான்.

ஆயினும் அழிக்கப்பட்ட உரிமைக்கு இன்னும் ஒருவன் வந்தான். 1817 இல் ஊவா மலைகளிலே துரைசாமி என்னும் அரசகுலத்து இளவரசன் தோன்றியிருப்பதாகப் பேச்சுப் பரவியது. அவனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை அவன் பக்கமே சேர்ந்தார். மலைநாட்டின் பெரும்பகுதி கிளர்ந்தெழுந்தது. 1818 இல் மடுகல்லை என்னும் தலைவர் அவன் போலி என்பதை வெளிப்படுத்தினார்: அவன் வில்பாவை என்னும் ஊரைச் சேர்ந்த சிங்களவன், முன்னர்ப் பிக்குவாயிருந்தவன். மூன்றாண்டுக்குமுன் தென்னாட்டுக் குருதியென்று சட்டத்தால் விலக்கப்பட்ட குலத்தின் பெயரைப் பூண்டாலன்றி, கண்டி மக்களைத் திரட்டமுடியாதென அவனும் அவனைச் சூழ்ந்தோரும் எண்ணியிருந்தனர். கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26 ஆம் நாள் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். வில்பாவையோ அன்று ஆங்கிலர் கையிற் சிக்காது காட்டில் மறைந்து திரிந்தான்.