இதய மின்கருவி தாங்கியோர் பராமரிப்பு

இதய மின்கருவி தாங்கியோர் பராமரிப்பு என்பது, நெஞ்சுத் தோலுக்கடியில் பற்றறியால் இயங்கும் கருவி பொருத்தப்பட்டவர்களை ஆயுள் முழுதும் கண்காணிக்கும் மருத்துவப் பணி. நாடி மந்தமானவருக்குத் துடிப்புக் கொடுக்கும் பேஸ்மேக்கர், உயிரைப் பறிக்கும் வேகத் துடிப்பை மின்னதிர்ச்சியால் அடக்கும் டிபிபிரிலேற்றர், இரு கீழறைகளையும் ஒருமிக்க இயக்கும் கருவி ஆகியவை இதில் அடங்கும்.

1957 அக்டோபர் 31இல் அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் மின்சாரம் தடைப்பட்டது. அன்றைய பேஸ்மேக்கர்கள் சுவர் மின்சாரத்தை நம்பியவை. சத்திரசிகிச்சை நிபுணர் வால்ட்டன் லில்லஹை கேட்க, பொறியியலாளர் ஏர்ல் பக்கன் சில வாரங்களில் உடலோடு அணியும் பற்றறிக் கருவியைச் செய்து கொடுத்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 8இல் ஸ்டொக்ஹோமில் மருத்துவர் ஓகே செனிங், பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் வைத்தார். அது சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் ஓடினார்: இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, தன்னைக் காத்த மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் பின்னும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் புற்றுநோயால் இறந்தார். இந்த வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர் வரலாறாகவே எழுதுவது வழக்கம். லார்சனை 43 ஆண்டு காத்தது கண்டுபிடிப்பு மட்டுமல்ல, அவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களின் பொறுமையும்தான்.

1972இல் லிதியம்-அயடீன் பற்றறி வந்தது. கருவியின் ஆயுள் ஆண்டுக் கணக்குக்கு நீண்டது. 1980இல் மிஷெல் மிரோவ்ஸ்கி குழுவின் டிபிபிரிலேற்றர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இடையில், நியூயோர்க்கின் மருத்துவர் சீமோர் பர்மன் 1970களின் தொடக்கத்தில் நோயாளியின் துடிப்பைத் தொலைபேசி வழியே கேட்டுப் பற்றறியின் நிலை அறியும் முறையை நடைமுறைப்படுத்தினார். 2001இலிருந்து கருவியே தன் செய்தியைக் கம்பியில்லாமல் அனுப்பத் தொடங்கியது. இப்படித் தூரத்திலிருந்தே பார்ப்பதை எல்லா நோயாளிக்கும் பரிந்துரைப்பதாக 2015இல் அமெரிக்க இதயத்துடிப்பியல் சங்கம் அறிவித்தது.

இலங்கையின் வட பகுதிக்கு இந்தத் துறையோடு ஒரு துயரமான தொடர்பு உண்டு. 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அலரி விதையை உண்டு உயிரை மாய்க்க முயல்வது பரவத் தொடங்கியது; அதன் நஞ்சு இதயத்தின் மின்கடத்தலையே தடுப்பது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோரைத் தற்காலிக பேஸ்மேக்கருக்காகக் கொழும்புக்கு அனுப்புவது நாட்டின் பல வைத்தியசாலைகளில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. போர்க்கால வன்னியிலோ 1990களில் ரோச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள்.

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானைக் கொண்டு இன்றைய நிலையைப் பார்க்கலாம். தான்தோன்றீஸ்வரர் கோயிலாலும் முத்தையன்கட்டுக் குளத்தாலும் அறியப்படும் ஊர் இது. இங்கிருந்து ஏ-34 வீதியில் மாங்குளம் வந்து, ஏ-9இல் ஆனையிறவு கடந்தால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை. நூறு கிலோமீற்றருக்கு மேல். 2018இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை அவசரத்துக்கு உதவும். ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வரும் சோதனைக்கு பஸ்தான். சோதிக்கும் இயந்திரமும் கம்பனிக்குக் கம்பனி வேறு; ஒன்றின் கருவியை மற்றதன் இயந்திரம் வாசிக்காது. ஆகவே கம்பனி, மாதிரி, பொருத்திய திகதி அடங்கிய அட்டையைக் கிளினிக் கொப்பியோடு வைத்திருப்பது கட்டாயம்.

சிறிய வைத்தியசாலையால் ஒன்றும் ஆகாது என்று எண்ண வேண்டியதில்லை. பேஸ்மேக்கரின் மேல் ஒரு வட்டக் காந்தத்தை வைத்தால் அது பொதுவாக நிலையான வேகத்தில் துடிக்கும். அந்த வேகத்தை ஈ.சி.ஜி.யில் எண்ணினால் பற்றறி குறைந்துள்ளதா என்று தெரியும். வேக அளவு கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதாலும் அந்த அட்டை வேண்டும். டிபிபிரிலேற்றரில் காந்தம் அதிர்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்தும், துடிப்பு முறையை மாற்றாது. விலை குறைந்த இந்தக் காந்தம் ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் இருக்கவேண்டிய பொருள்.

அன்றாடத்தில் விதிகள் அதிகமில்லை. கைத்தொலைபேசி கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கவேண்டும். சட்டைப் பை ஆகாது. வெல்டிங் செய்யுமுன் மருத்துவரைக் கேட்கவேண்டும். வயலோரத்து யானை மின்வேலியைத் தொடக்கூடாது. அதன் மின்துடிப்பைக் கருவி இதயத்துடிப்பென்று பிழையாக எண்ணக்கூடும். சோதனைச் சாவடியில் கையில் பிடிக்கும் உலோகக் கருவியை நெஞ்சின்மேல் நிறுத்திவைக்க விடக்கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கருவி அதற்கு ஏற்றதா என்று பார்க்கவேண்டும். வன்னியில் இன்னொரு கேள்வியும் உண்டு: 2009 போரின் செல் துண்டு உடம்பில் இருக்கிறதா? பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டுபவரும் இதைச் சொல்ல மறந்துவிடலாம். கருவி வைத்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, கசிந்தாலோ எண்ணெய் பூசிக் காத்திருக்காமல் உடனே காட்டவேண்டும். நோய்த்தொற்று உறுதியானால் கருவியும் கம்பியும் முழுதாக வெளியே எடுக்கப்படும்.

பராமரிப்பு மரணத்தோடும் முடிவதில்லை. தகனத்தில் பற்றறி வெடிக்கக்கூடும். அப்படியான முதல் சம்பவம் இங்கிலாந்தின் சொலிஹல்லில் 1976இல் பதிவானது. எனவே தகனத்துக்கு முன் கருவியை எடுக்கவேண்டும் என்பதை வீட்டார் வைத்தியசாலைக்குச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இறந்தோரிடமிருந்து எடுத்துக் கிருமிநீக்கிய கருவிகள் மும்பையின் ஹோலி பமிலி மருத்துவமனையில் ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. அவை நன்றாக இயங்கியதாக 2012இல் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.