சிங்கப்பூரில் பரீட்சை, கூடுவாஞ்சேரியில் டீக்கடை

வீடு, மனை விற்கும் தொழிலுக்கு வர நினைக்கும் இருபத்தொரு வயதுத் தமிழ்ப் பையன் சிங்கப்பூரில் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது பாடப்புத்தகம். அதே பையன் சென்னைக்குத் தெற்கே கூடுவாஞ்சேரியிலோ ஊரப்பாக்கத்திலோ இருந்தால் முதலில் பிடிக்க வேண்டியது ஒரு அண்ணனை. டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருப்பாரே, அந்த அண்ணன்தான் அங்கே கல்லூரி, முதல்வர், தேர்வாளர் எல்லாம்.

சிங்கப்பூரில் வாசல் எங்கே இருக்கிறது என்பதில் குழப்பமே இல்லை. 2010இல் சொத்து முகவர் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் முகவர்களைக் கண்காணிக்க ஒரு மன்றமும் வந்தது. வயது குறைந்தது 21. சாதாரண நிலைத் தேர்வில் நான்கு பாடங்களிலாவது தேறியிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான படிப்பு. அதன் பிறகு ஒரு பயிற்சி வகுப்பு, ஒரு தேர்வு. தேறியவர் உரிமம் பெற்ற ஏதாவது ஒரே ஒரு நிறுவனத்தில் சேர்ந்தால்தான் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பொதுப் பதிவேட்டில் தட்டினால், இவர் யார், எந்த நிறுவனம், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை யாரும் பார்க்கலாம். தேசிய சேவை முடிந்து பையன்கள் வெளியே வருவதும் ஏறக்குறைய அந்த வயதில்தான். ராணுவ உடையைக் கழற்றிவிட்டு நேராக முழுக்கைச் சட்டையில் நுழைவதற்குத் தோதான தொழில்.

இங்கே 2016இல் வந்த ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் முகவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு விதிகள் 2017இல் வந்தன. ஆனால் அந்தக் கட்டாயம், புரமோட்டர் விற்கும் லேஅவுட் மனைக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும்தான். ஒருவர் தன் பழைய வீட்டை விற்கிறார், இன்னொருவர் முதல் மாடியை வாடகைக்கு விடுகிறார் என்றால் அந்தக் கட்டாயம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பேட்டைக்குப் பேட்டை இருக்கும் புரோக்கர்களின் பிழைப்பில் பெரும்பகுதி அதுதான். தேர்வு என்பதும் மூலச் சட்டத்தில் கிடையாது. மகாராஷ்டிரா 2023இல் தனியாகக் கொண்டுவந்தது. பில்டர் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்து, நாளெல்லாம் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்ட்டியை சைட் விசிட்டுக்குக் கூட்டிப்போகும் பையன்களும் நிறைய. அது விற்பனை வேலை. நாளைக்கே அவர்கள் கார் ஷோரூமுக்குப் போய்விடலாம். நான் ஒப்பிடுவது சொந்தக் காலில் நிற்க வருகிறவர்களை.

அங்கே ஒழுங்கு, இங்கே ஒழுங்கின்மை என்று இதை முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு ஊரிலும் பையன்கள் கற்றுக்கொள்வது வேறு வேறு பொருள். அதற்கான காரணம் நிலப் பதிவு முறையில் இருக்கிறது. சிங்கப்பூரில் நிலத்தின் உரிமையையே அரசு பதிவு செய்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த டாரன்ஸ் முறை அது. பதிவேட்டில் உள்ள பெயர்தான் உரிமையாளர், பழங்கதை தேவையில்லை. நம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமோ பத்திரத்தைப் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பது வாங்குகிறவர் பாடு. ஆகவே இங்கே தரகுத் தொழிலின் சரக்கு, அந்த நிலத்தின் கதை.

ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு பையனும் அவனுடைய அண்ணனும் பேச, நான் காதால் கேட்டது இது.

“ஈசி போட்டுட்டேன்ணே. கிளீனா இருக்கு.”

“எத்தனை வருஷத்துக்குப் போட்ட?”

“பதிமூணு.”

“முப்பது போடு. சரி, இடம் யாருது?”

“அவங்க அப்பா வாங்குனது. அவரு தவறிட்டாரு. ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறேன்னுட்டாங்க.”

“ரெண்டும் ஆம்பளப் பிள்ளைங்களா?”

“ஆமாண்ணே.”

“பொண்ணு இல்லையான்னு கேட்டியா?”

பையன் கேட்கவில்லை. அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வந்து பேசு” என்றார். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்து தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. மத்திய அரசு 2005இல் அந்த வழிக்கு வந்தது. ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் இதில் எதுவுமே தெரியாது. பதிவானதைத்தான் அது காட்டும். திருச்சியில் கட்டிக்கொடுத்த அக்காவை அது காட்டாது. பவர் என்கிற அதிகாரப் பத்திரம் வாங்கி விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. அவர் இறந்தால் பவரும் போச்சு. பட்டா யார் பெயரில், மூலப்பத்திரம் அசலா, நகலா, அடுத்த சர்வே எண்ணில் ஓடை இருக்கிறதா. இப்படி ஒவ்வொரு கேள்வியும் யாரோ பணத்தை இழந்த பிறகு அண்ணன்மார் தெரிந்துகொண்டது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது, பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லியே காலம் தள்ளியவர்கள் திகைத்து நின்றார்கள். மனைக்கு அங்கீகாரம் தரும் டிடிசிபி, சிஎம்டிஏ என்ற எழுத்துகளை ஏற்கெனவே மதித்துப் பழகியவர்கள் அந்த ஆண்டைத் தாண்டினார்கள்.

சிங்கப்பூர்ப் பையனுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவனுக்கு வேறு தலைவலி. அரசின் வீட்டு வசதி வாரிய வீடுகளில்தான் நாட்டின் பெரும்பான்மையோர் குடியிருக்கிறார்கள். பொதுவாக ஐந்து ஆண்டுகள் குடியிருந்த பிறகுதான் அதை விற்க முடியும். மறுவிற்பனைக்கு 2018இலேயே வாரியத்தின் இணையவழி வந்துவிட்டது. முகவர் இல்லாமலே வாங்கி விற்கலாம். ஆக, ‘நீ எதற்கு?’ என்ற கேள்விக்கு அவன் தினமும் பதில் சொல்ல வேண்டும். தீவில் அவனைப் போல முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முகவர்கள். ‘அழைக்காதே’ பட்டியல் 2014இல் நடைமுறைக்கு வந்த பின் கண்ட எண்ணுக்கெல்லாம் போன் போடவும் முடியாது. பிளாக் பிளாக்காகத் தபால் பெட்டியில் துண்டறிக்கை போடுகிறான், வீடியோ எடுக்கிறான், பழைய பள்ளித் தோழர்களுக்குச் செய்தி அனுப்புகிறான். தேர்வு வாசலைத் திறந்துவிடும். உள்ளே உட்கார நாற்காலி தராது.

அவன் தமிழனாக இருப்பது தொழிலில் உதவும் இடம் ஒன்று உண்டு. 1989 முதல் வாரியக் குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கிலும் ஒவ்வொரு இனத்துக்கும் உச்ச வரம்பு. சீனர்களுக்கான வரம்பு நிரம்பிய பிளாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் வீட்டை விற்க வந்தால், சீனர் வாங்க முடியாது. வாங்கும் கூட்டத்தில் பெரும்பங்கு அப்படியே கழன்றுவிடும், விலையும் இறங்கலாம். அந்தக் குடும்பத்தின் சோபாவில் உட்கார்ந்து, “அக்கா, பக்கத்து பிளாக் விலையை இங்கே எதிர்பார்க்க முடியாது” என்று சொல்வதும், இந்திய, மலாய்க் குடும்பங்களில் ஆள் தேடுவதும் அந்தப் பையனின் வேலை. கூடுவாஞ்சேரி அண்ணன் காகிதத்தைப் படிப்பது போல இவன் முகத்தைப் படிக்க வேண்டும்.

பண விஷயத்தில் மட்டும் சிங்கப்பூர்தான் மேல் என்பேன். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஒரே ஆள் முகவராக இருப்பது அங்கே குற்றம். வீடு விற்கிற வாங்குகிற பணத்தை முகவர் கையால் தொடக் கூடாது. கமிஷன் நிறுவனத்துக்குப் போய்த்தான் இவனுக்கு வரும். நம் ஊரில் இரண்டு பக்கமும் வாங்குவதுதான் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் வாங்கினால் ஏதோ ஏமாந்தவனைப் போலப் பார்ப்பார்கள். டோக்கன் அட்வான்ஸ் புரோக்கரின் சட்டைப்பையில் ஓர் இரவு தூங்கிவிட்டுப் போவதும் உண்டு. கிரயம் முடிந்த அன்று, பார்ட்டியைக் காட்டியவர், சாவி வைத்திருந்தவர், ‘நான்தான் முதல்ல சொன்னேன்’ என்பவர் என்று நாலு பேர் நிற்பார்கள். பையனுக்கு மிஞ்சுவது பெட்ரோல் காசு. முதல் இரண்டு மூன்று டீல்களில் கமிஷன் கேட்கக் கூச்சப்பட்டே பாதியை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு ஊர்ப் பையன்களும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சென்னை, கோவை மனைகளையும் வீடுகளையும் விற்கச் சிங்கப்பூர் ஓட்டல் மண்டபங்களில் கண்காட்சி போடுவார்கள். அப்படி ஒன்றில் ஃபார்ம் லேண்ட் என்று பளபளக்கும் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்கப்பூர்ப் பெரியவரோடு அவருடைய உறவுக்கார இளம் முகவரும் வந்திருந்தார். “ஓனர் யாருன்னு ரெஜிஸ்டர்ல பார்த்துடலாம்தானே?” என்று அந்த முகவர் கேட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த பையன் ஒரு நொடி யோசித்து, கையேட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“மாமா ஓசிஐ கார்டா? அப்ப விவசாய நிலம் அவங்க பேர்ல வாங்க முடியாது. வேற மனை காட்டறேன், வாங்க.”