கீழூரில் கேட்கப்படாத கேள்வி

நாகூரைத் தாண்டி வடக்கே செல்பவர் வாஞ்சூரில் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் நுழைகிறார். தரங்கம்பாடியை நெருங்குகையில் மீண்டும் தமிழ்நாடு. இடையில் கிடப்பது காரைக்கால். மண்ணும் பேச்சும் மாறுவதில்லை. 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற நிலத்தின் எல்லை, அவர்கள் போன பின்னும் அழியாதது ஏன்?

பதில் 1954ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. தம் எதிர்காலத்தை மக்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என 1948இல் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. சந்திரநாகூர் 1949இல் வாக்களித்து இந்தியாவோடு சேர்ந்தது. 1954இல் மேற்கு வங்கத்தில் கலந்தது. தெற்கே வாக்கெடுப்பு இழுபட்டது. 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் திரும்பினார். மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூனில் பிரதமரான மெந்தெஸ் பிரான்ஸ் சிக்கலை முடிக்கவே விரும்பினார். ஆனால் மக்களின் சம்மதமின்றி நிலத்தைக் கொடுக்கப் பிரெஞ்சு அரசியல் சட்டம் இடந்தரவில்லை.

அதற்குக் கண்ட வழிதான் கீழூர். அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். மூன்று நாள் கழித்து தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

இந்தியாவோடு சேர்வதா என்பதே கீழூரின் கேள்வி. தஞ்சையோடா, புதுச்சேரியோடா என்று காரைக்காலை யாரும் கேட்கவில்லை. அப்பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்பே அது மாறும் என்று 1956 உடன்படிக்கை உறுதியளித்தது. பிரான்ஸுக்கு அது கௌரவமான விலகல். தில்லிக்குச் சுலபமான முடிவு. 1962இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1963இல் யூனியன் பிரதேசம் பிறந்தது.

1979இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களோடு இணைப்பது பற்றிப் பேசியபோது மக்களே கொதித்தெழுந்தனர். அந்நியர் வகுத்த எல்லை அதற்குள் அவர்களுடையதாகியிருந்தது.

அதன் பலனும் சிறிதல்ல. காவிரியின் கடைமடையான காரைக்காலுக்காக 2007இல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. எல்லை அழிந்திருந்தால் அந்தத் தனிப் பங்குக்கு இடமிருந்திராது. ஆனால் தன் தலைநகரை அடைய ஏறத்தாழ 130 கிலோமீட்டர், தமிழ்நாட்டு மண்ணைக் கடந்தே காரைக்கால்காரர் போகவேண்டும். இரண்டையும் எடைபோட்டுச் சொல்லும் வாய்ப்பு 1954இல் அவருக்குத் தரப்படவில்லை.