ஆறாம் வகுப்பின் வாசல்: கார்வேட்டிநகரம் வட்டாரத்தில் பள்ளி இடைநிற்றல் தொடங்கும் இடம்

பள்ளி இடைநிற்றல் பற்றிய அரசுக் கணக்குகள் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்ற ஆண்டைக் காட்டுகின்றன. நிற்கத் தொடங்கிய ஆண்டைக் காட்டுவதில்லை. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் யூடைஸ் பிளஸ் 2021-22 அறிக்கைப்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 9, 10 வகுப்புகளில் இடைநின்றோர் 16.3 விழுக்காடு. அகில இந்திய அளவில் அது 12.6, எல்லைக்கு இந்தப்புறம் தமிழ்நாட்டில் 4.5. அதே அறிக்கையில் நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளில் இடைநின்றோர் 1.5 விழுக்காடு, நடுநிலை வகுப்புகளில் 3 விழுக்காடுதான். இந்த எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர் எட்டாம் வகுப்புவரை எல்லாம் சரியாக நடக்கிறது, ஒன்பதில்தான் சிக்கல் என்றே முடிவுகட்டுவார். திட்டங்களும் பெரும்பாலும் அப்படி நினைத்தே தீட்டப்படுகின்றன. கார்வேட்டிநகரத்தையும் அதைச் சூழ்ந்த எல்லைப்புற மண்டலங்களையும் முன்வைத்து இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஒன்பதிலும் பத்திலும் பதிவாகும் இடைநிற்றல், பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குள் நுழையும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளியும் ஊரும் தம் உழைப்பில் பெரும்பங்கை அங்கேதான் செலுத்த வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றி. புத்தூருக்கு மேற்கே, தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டுக்கு நேர்வடக்கே இருக்கிறது பழைய ஜமீன் ஊரான கார்வேட்டிநகரம். 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த பகுதி இது. பிறகு சித்தூர் மாவட்டமாயிற்று. 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. கார்வேட்டிநகரம், நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் எல்லைக்கு வடக்கே நின்றுவிட்டன. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது புத்தூரும் சத்தியவேடும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. கார்வேட்டிநகரமும் நகரியும் சித்தூரிலேயே இருக்கின்றன. ஒரே மொழியும் ஒரே பிழைப்பும் பெண் கொடுத்து எடுக்கும் உறவும் உள்ள மக்கள் இரண்டு மாநிலக் கல்வித் துறைகளின் கீழ் அறுபதாண்டுக்கு மேலாக வாழ்கிறார்கள். மாநிலச் சராசரியை அப்படியே ஒரு மண்டலத்தின் தலையில் ஏற்றக் கூடாதுதான். ஆனால் எல்லைக்கு இருபுறமும் உள்ள வேறுபாட்டை மக்களின் குணத்தில் தேடுவது வீண்; பள்ளி அமைப்பில்தான் தேட வேண்டும்.

ஆறாம் வகுப்பில் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று மாறுகின்றன. கூப்பிடு தூரத்தில் இருந்த பள்ளி போய், பேருந்தோ ஷேர் ஆட்டோவோ ஏறிப் போக வேண்டிய உயர்நிலைப் பள்ளி வருகிறது. வீட்டையும் பெற்றோரையும் அறிந்த ஓரிரு ஆசிரியர்கள் போய், பாடத்துக்கு ஒருவர் என்று ஆறேழு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பிள்ளையின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்றாவது மாற்றம் மொழி. ஐந்து வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை ஆறில் தெலுங்குவழி அல்லது ஆங்கிலவழி வகுப்பில் உட்கார வைக்கப்படுகிறது. கணக்கில் எத்தனை தெரிந்திருந்தாலும் வாக்கியக் கணக்கைப் படித்துப் பொருள் கொள்ள அதற்கு முடிவதில்லை. அப்படியானால் அந்த ஆண்டே ஏன் நின்றுவிடுவதில்லை? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதுவரை பெயரை அடிக்க விடாது. மதிய உணவு உண்டு. வகுப்பும் தானாக மேலே ஏறும். பிள்ளை மூன்றாண்டு பதிவேட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். சட்டத்தின் கை விலகும் வயதில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கண்முன் நிற்கும் நேரத்தில், அது நின்றுவிடுகிறது. 2022-ல் ஆந்திரத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 67.26 விழுக்காடு. மூன்றில் ஒருவர் தேறாத அந்தத் தேர்வுக்கு முன்பே விலகிக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

மொழியைப் பொறுத்தவரை சிக்கல் விதியிலேயே இருக்கிறது. பள்ளியில் 40 பேர், அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் சிறுபான்மைத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டும் என்று 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவும் தொடக்கக் கல்வியோடு நின்றுகொள்கிறது. பின்னர் உயர்நிலைக்கென வகுத்த அளவு வேறு: நான்கு வகுப்புகளில் 60 பேர், அதாவது வகுப்புக்கு 15 பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டால் ஓட்டை தெரியும். 40 பேர் உள்ள தமிழ்த் தொடக்கப் பள்ளி ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 40 பேரை வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 8 பேரைத்தான் மேலே அனுப்ப முடியும். கீழே விதியை நிறைவு செய்யும் பள்ளி, அதனாலேயே மேலே விதியை நிறைவு செய்யத் தவறுகிறது. இரண்டு பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்தால்தான் 15 தேறும். சேர்ப்பது என்றால் தூரம். தூரம் என்றால் வண்டி. அந்த வண்டிச் செலவை எந்த விதியும் யார் பொறுப்பிலும் வைக்கவில்லை. இதற்கிடையில் 2022-ல் வந்த ஆந்திர அரசாணை 117, மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளையே பல இடங்களில் உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்தது. பத்து வயதில் வர வேண்டிய மாற்றம் எட்டு வயதுக்கு இறங்கியது. 2025-ல் அது கைவிடப்பட்டது நல்லதே. ஆனால் பள்ளிகளைக் கலைத்துச் சேர்க்கும்போது மொழிச் சிறுபான்மைப் பிரிவு என்னவாகும் என்பது அப்போதும் யாருக்கும் முதற்கேள்வியாக இருக்கவில்லை.

பள்ளி மாறும் மாதம் எது என்பதும் முக்கியம். ஆந்திரப் பள்ளிகள் ஏப்ரல் கடைசியில் மூடி ஜூன் இரண்டாம் வாரத்தில் திறக்கின்றன. சித்தூர்ப் பக்கத்தில் அது மாங்காய்க் காலம். தோத்தாபுரி அறுவடை ஜூன், ஜூலையில் உச்சத்துக்கு வருகிறது. மாங்கூழ் ஆலைகளின் முன் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில் காய் பறிக்கவும் தரம் பிரிக்கவும் எத்தனை கை இருந்தாலும் போதாது. நகரி, புத்தூர்ப் பக்கத்து விசைத்தறி வீடுகளிலோ தார் சுற்றும் வேலைக்கு வயதும் இல்லை, பருவமும் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் பிள்ளைகள் ஆபத்தற்ற குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்கிறது. விடுமுறையில் தார் சுற்ற உட்கார்ந்த பத்து வயதுப் பெண், ஜூன் இரண்டாம் வாரம் எழுந்து போக வேண்டும். போக வேண்டிய பள்ளியோ அவள் இதுவரை காலெடுத்து வைக்காத பள்ளி. பழைய பள்ளி அவளை டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டது, புதிய பள்ளிக்கு அவள் இன்னும் வரவில்லை. இரண்டு பதிவேட்டிலும் இல்லாத அந்த ஆறேழு வாரம் அவள் யார் பொறுப்பு?

வறுமை தீராமல் எதுவும் தீராது என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆனால் வறுமைக்குப் பணம்தான் மருந்து என்றால் ஆந்திரம் அதைத் தாராளமாகவே கொடுத்துப் பார்த்திருக்கிறது. 75 விழுக்காடு வருகை இருந்தால் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் தரும் அம்மா ஒடி திட்டம் 2020 ஜனவரி 9 அன்று சித்தூரிலேயே தொடங்கப்பட்டது. 2025 முதல் தல்லிக்கி வந்தனம் என்ற பெயரில் அது வீட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விரிந்திருக்கிறது. மேலே சொன்ன 16.3 விழுக்காடு, அம்மா ஒடி நடப்பில் இருந்த ஆண்டுகளின் எண். அதில் கொரோனாவுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலும், அதே கொரோனாவைக் கண்ட தமிழ்நாட்டின் 4.5 பக்கத்தில் நிற்கிறது. பணம் வீட்டுக்கு வருகிறது. ஜூனில் எந்தப் பள்ளிக்கு, எந்த மொழியில், எந்த வண்டியில் போவது என்பதற்கு அது பதில் சொல்வதில்லை. பிகாரில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு மிதிவண்டி கொடுத்த திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் சுமார் 32 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம். தடை எங்கே இருந்ததோ அங்கேயே உதவி போய்ச் சேர்ந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் ஆந்திரத்தில் 20-24 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். தூரத்துப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில் அடுத்து எழும் பேச்சு எதுவென்று இந்த எண் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு தமிழ்வழியையே குற்றம் சொல்கிறது: தெலுங்கு மாநிலத்தில் தமிழில் தொடங்கியதால்தானே ஆறில் முட்டுகிறது, ஒன்றிலிருந்தே தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ சேர்த்துவிட்டால் சிக்கல் இல்லையே என்று. பெற்றோர் பலர் அப்படியே செய்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. இப்பகுதிப் பிள்ளைகள் தெருவில் தெலுங்கு சரளமாகப் பேசுவதும் உண்மைதான். ஆனால் சந்தையில் விலை பேசப் போதுமான தெலுங்கு, அறிவியல் பாடத்தின் ஒரு பத்தியைத் தனியே படித்துப் புரிந்துகொள்ளப் போதாது. வீட்டில் படித்துச் சொல்ல ஆள் உள்ள பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே வேற்றுமொழியைத் தாங்கும். அப்படி ஆள் இல்லாத பிள்ளைக்கு முட்டும் இடம் ஆறிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்ததாகவே முடியும். பிழை தாய்மொழியில் தொடங்கியது அல்ல, பாலம் போடாமல் நிறுத்தியதுதான். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் தெலுங்கைப் பாடமொழியாகவும் பழக்குவது, ஆறில் முதல் அரையாண்டு தமிழும் அறிந்த ஓர் ஆசிரியரை வைத்திருப்பது, கணக்கு-அறிவியல் சொற்களுக்கு இருமொழிக் குறிப்பேடு தருவது: இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை நிறுத்திவைக்க இடம் தரும் 2019 சட்டத் திருத்தத்தைச் சிலர் மருந்தாகச் சொல்கிறார்கள். பிள்ளை நழுவும் அதே படியில் அவனைத் தடுத்து நிறுத்துவது எப்படி மருந்தாகும்?

செய்து காட்டியவர்கள் வெகுதொலைவில் இல்லை. அண்மைக்காலம்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம் ‘கற்றல் ஏணி’யை உருவாக்கியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று மேலே ஏறும். அறுவடைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தாலும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். வகுப்பு அவனை விட்டுவிட்டு ஓடியிருக்காது. இதைத் தழுவியே சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-ல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. ரங்காரெட்டி மாவட்டத்தில் 1991 முதல் சாந்தா சின்ஹா வழிநடத்திய எம்.வி. அறக்கட்டளையின் அனுபவம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஏழைப் பெற்றோர் பிள்ளையை அனுப்ப மறுப்பவர்கள் அல்லர். சேர்க்கை நாள், சான்றிதழ், வயது, வகுப்பு என்று பள்ளி வைக்கும் சிறு தடைகள்தாம் அவர்களைத் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பாடம் பின்னர் சட்டமாகவும் ஆனது. டி.சி. தாமதமானது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தரச் சொல்கிறது நான்காம் பிரிவு.

ஆகவே ஊரும் பள்ளியும் செய்ய வேண்டியது முழக்கமோ பேரணியோ அல்ல, ஒரு கைமாற்றம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஏப்ரலிலேயே தம் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை, யார் எதில் தடுமாறுகிறார் என்ற குறிப்போடு, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் தர வேண்டும். ஜூன் மூன்றாம் வாரம் வராத பெயர்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழு பெயரளவுக்கே இருக்கிறது, கட்சிக்காரர் கையில் இருக்கிறது என்பார்கள். பல இடங்களில் உண்மைதான். பொதுவாகக் ‘கல்வியை மேம்படுத்து’ என்று சொன்னால் எந்தக் குழுவும் அப்படித்தான் இருக்கும். ‘இந்த ஏழு பிள்ளைகள் வரவில்லை, இவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்கள்’ என்று சொன்னால் முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பெண்களும் கொண்ட குழுவுக்கு வேலை கிடைத்துவிடும். 2019 அக்டோபர் முதல் இயங்கும் கிராமச் செயலகங்களில் நலமும் கல்வியும் பார்க்க உதவியாளர் ஒருவர் இருக்கிறார். பட்டியலைப் பின்தொடர வேண்டிய ஆள் அவரே. எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை இடைநின்றதாக ஆந்திரக் கணக்கில் ஏறாமல் இருக்க, இரு மாநில அலுவலர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலை ஒத்துப்பார்த்தாலே போதும்.

இந்த வட்டாரத்துக்குத் தனிவாய்ப்பு ஒன்று உண்டு. 1986 தேசியக் கல்விக் கொள்கையின்படி மாவட்டந்தோறும் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சித்தூர் மாவட்டத்துக்கானது கார்வேட்டிநகரத்திலேயே இருக்கிறது. இருமொழி வகுப்பை நடத்தவும் ஆறாம் வகுப்பில் நுழையும் பிள்ளையைக் கையேற்கவும் அங்கு பயிலும் ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய பள்ளிகள் அதன் வாசலைச் சுற்றியே இருக்கின்றன. தமிழ்ப் பிரிவுக்கு வகுப்புக்கு 15 பேர் என்ற அளவை ஒரு பள்ளிக்கு என்று பார்க்காமல், பேருந்து எட்டும் பள்ளிகளின் தொகுப்புக்கு என்று பார்க்கும் ஆணையை மாவட்ட நிர்வாகமும் மாநிலக் கல்வித் துறையும் பிறப்பிக்க வேண்டும். தொடக்கப் பள்ளிகள் ஆண்டுக்கு எட்டெட்டுப் பேராக அனுப்பும் பிள்ளைகள் ஒன்றுசேர அது ஒன்றே வழி.