99 குதங்களும் ஒரு கப்பலும்: சேர்வர் காலத்துக்கு ஒரு திருகோணமலைக் கதை

சீனக்குடாக் காட்டுக்குள்ள தள்ளித் தள்ளி நிற்கிற எண்ணெய்க் குதங்களைப் பற்றி எங்கட ஊரில பேச்சு வந்தால், அது எப்பவும் "யாருக்கு?" என்ற கேள்வியிலதான் முடியும். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. மொத்தம் 99. நாங்கள் கேட்க நினைப்பது வேற: ஏன் இத்தனை? நாலைஞ்சு பெரிய குதம் போதாதா?

பதில் 1942 ஏப்ரல் 9 காலையில கிடைச்சது. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஒரு விமானம் குதம் ஒன்றின் மேல விழுந்து, அது நாள்கணக்கில எரிஞ்சது. ஆனால் போனது ஒரு குதம்தான். மற்றவை நிண்டதால எண்ணெய்க் களஞ்சியம் பிழைச்சது.

இணையமும் இதே பாடத்தைப் படிச்சது. 1993இல் மொசைக் உலாவியை வெளியிட்ட அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் தளத்துக்குக் கூட்டம் அள்ளுப்பட்டு வந்தது. ஒரு சேர்வர் தாங்கேல்லை. 1994 அளவில அவர்கள் பல கணினிகளை ஒரே பெயருக்குக் கீழ நிறுத்தினார்கள். வாற ஆக்களை முறை வைச்சு ஒவ்வொன்றுக்கும் அனுப்பினார்கள். இன்றைக்குப் பெரிய தளங்கள் எல்லாம் இப்படித்தான் ஓடுது. ஒரே நிரல் பல சேர்வர்களில ஓடும். புதுப்பிக்கும்போது ஒன்றை வரிசையில இருந்து எடுத்து, புது நிரலைப் போட்டு, சோதிச்சு, திருப்பி விட்டுட்டு அடுத்ததைத் தொடுவார்கள். பாவிக்கிறவருக்குத் தளம் நிண்டதே தெரியாது.

அப்ப பிரிச்சு வைச்சால் எல்லாம் சரியா? அதே நாள் வேறொரு கதையும் சொல்லுது. தாக்குதல் வரப்போகுது என்ற எச்சரிக்கையில விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டது. ஒரே இடத்தில கூடி நிற்கக்கூடாது என்பது நல்ல யோசனைதான். நாலு மாதத்துக்கு முதல் பேர்ள் துறைமுகத்தில நெருக்கி நிண்ட கப்பல்களுக்கு நடந்ததை எல்லாரும் கண்டிருந்தார்கள். ஆனால் ஹேர்மிஸின் விமானங்கள் கப்பலில இல்லை, கரையில இருந்தன. காவலுக்கு வர வேண்டியவையும் நேரத்துக்கு வரேல்லை. மட்டக்களப்புக் கடலில அது மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

நிரலைப் பத்து சேர்வருக்குப் பிரதி எடுத்துவிட்டு, அதுக்குத் தேவையான தரவை ஒரே ஒரு கணினியில விட்டு வைப்பதும் இதே நிலைதான். நீங்கள் தளத்துக்குள்ள நுழைஞ்ச விபரம் முதலாவது சேர்வரில மட்டும் இருந்தால், அடுத்த தடவை உங்களைப் பொறுப்பெடுக்கிற மூன்றாவது சேர்வர் "யார் நீங்கள்?" என்று கேட்கும். அதனாலதான் அந்த விபரத்தை எல்லா சேர்வரும் எட்டக்கூடிய பொது இடத்தில வைப்பார்கள். அந்தப் பொது இடத்துக்கும் இன்னொரு பிரதி வேணும்.

குதங்களிலும் இதே கேள்வி இருக்கு. குதம் எத்தனை இருந்தாலும், எண்ணெய் வந்து போறது குழாய் வழியா, இறங்குதுறை வழியா. அதனால 99 என்று எண்ணுறதோட நாங்கள் நிற்கக்கூடாது. எல்லாத்துக்கும் பொதுவா ஒன்றே ஒன்றாய் இருப்பது எது, அது யாற்ற கையில இருக்கு என்றும் கேட்க வேணும்.