நீரிலிருந்து குருதிக்கு: ஓர் அளவையின் வரலாறு

'நீரிழிவு' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. இழிதல் என்பதற்கு இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல் என்னும் பொருள் உண்டு; அருவியும் மலையினின்று இழிகிறது. உடலினின்று நீர் மிகுதியாக இழிவதால் நோய் இப்பெயர் பெற்றது. கிரேக்கர் வழங்கிய 'டயாபடீஸ்' என்ற சொல்லும் ஊடே பாய்ந்து செல்வது என்றே பொருள்படும். பெயரைப் போலவே மருத்துவரின் பார்வையும் நெடுங்காலம் சிறுநீரின்மீதே நிலைத்திருந்தது. அப்பார்வை குருதியின் பக்கம் திரும்பியபோது, இந்நோயுடைய கருவுற்ற பெண்களின் வாழ்வு மாறியது. அம்மாற்றத்தையே இங்குக் காணப் புகுகிறோம்.

1824-இல் பெர்லினில் பென்னெவிட்ஸ் என்னும் மருத்துவர், கருவுற்ற காலத்தில் தீராத நீர்வேட்கையுற்ற ஒரு பெண்ணைப் பற்றி இலத்தீன் மொழியில் ஆய்வேடு எழுதினார். அவளது குழந்தை 12 பவுண்டு எடையுடன் பிறந்தது. ஆனால் உயிருடன் இல்லை. 1882-இல் மேத்யூஸ் டங்கன் இலண்டனில் இத்தகைய பெண்களின் நிலையைத் தொகுத்துரைத்தார். தாயும் சேயும் மாண்ட செய்திகளே அதில் மிகுதி.

1922-இல் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. தாய்மார் பிழைத்தனர், குழந்தைகளின் இறப்போ அதே வேகத்தில் குறையவில்லை. 1924-இல் பாஸ்டனில் ஜோஸ்லினின் மருத்துவமனையில் பணியேற்ற பிரிசில்லா ஒயிட், அரை நூற்றாண்டுக் காலத்தை இப்பெண்களுக்கென்றே செலவிட்டார் எனலாம். நோயின் காலமும் கடுமையும் கொண்டு அவர்களை வகைப்படுத்தும் முறையை 1949-இல் வெளியிட்டார். குழந்தை ஏன் அவ்வளவு பெருக்கிறது என்ற வினாவுக்கு விடை, கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் 1952-இல் முன்வைத்த கருதுகோளில் கிடைத்தது. தாயின் குருதியிலுள்ள சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. தாயின் இன்சுலின் கடப்பதில்லை. மிகுந்துவரும் சர்க்கரையை எதிர்கொள்ளக் கருவின் கணையமே இன்சுலினை மிகையாகச் சுரக்கிறது. அதனால் கரு கொழுத்து வளர்கிறது. பெர்லின் குழந்தையின் 12 பவுண்டு எடைக்குப் பொருள் விளங்க ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆயின.

காரணம் விளங்கினும் அன்றாட அளவைக்கு வழியில்லை. 1908-இல் பெனடிக்ட் அமைத்த நீலக் கரைசலில் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சுவர். பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என நிறம் மாறுவதைக் கொண்டு சர்க்கரையை மதிப்பிடுவர். கருவுற்றவளிடத்தில் இந்தச் சோதனை பொய்த்துப் போகும். அக்காலத்தில் சிறுநீரகம் சர்க்கரையை எளிதில் வெளிவிடுகிறது. குருதியில் அளவு சரியாக இருக்கும்போதும் சிறுநீரில் சர்க்கரை தோன்றலாம். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் தாய் மயங்கி விழ நேரும். மேலும் சிறுநீர் காட்டுவது கடந்துபோன மணி நேரங்களின் நிலையையே.

1960-களில் ஒரு துளிக் குருதியால் நிறம் மாறும் பட்டைகள் வந்தன. அடுத்து அந்நிறத்தை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி வந்தது. 1972-இல் சுவீடனின் கார்ல்சனும் செல்மரும் வெளியிட்ட ஆய்வு கண் திறப்பதாக அமைந்தது. தாயின் சராசரிக் குருதிச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழிருந்தபோது, பிறப்பையொட்டிய குழந்தை இறப்பு 100-க்கு 4 என்ற அளவில் நின்றது. 150-ஐத் தாண்டியபோது 24-ஐ நெருங்கியது.

ஆயினும் அளப்பதற்காகவே பெண்கள் வாரக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தனர். வீட்டில் மற்றொரு குழந்தை காத்திருக்கும். கணவனின் வருகை பார்வை நேரத்துக்குள் அடங்கும். 1978-இல் இலண்டன் மருத்துவர்கள், நோயாளிகளே வீட்டில் குருதியைச் சோதிக்க இயலும் என்பதை 'லான்செட்' இதழில் எடுத்துரைத்தனர். பாமரர் பிழையின்றி அளப்பரோ என்ற ஐயம் அக்காலத்தே இருந்தது. தாமும் இந்நோயுடையவரான அமெரிக்க மருத்துவர் லோயிஸ் ஜொவனோவிக், கருவுற்ற பெண்களைக் கொண்டே அவ்வையத்தை நீக்கியவர்களுள் ஒருவர். பலமுறை விரலைக் குத்தி, எண்ணைக் குறித்து, இன்சுலினைத் திருத்திக்கொண்ட அத்தாய்மார் நலமான குழந்தைகளைப் பெற்றனர்.

உணவுக்கு முன் 95-க்குக் கீழ், உண்ட ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ் என்பது இன்று பரவலாகக் கொள்ளப்படும் இலக்கு. கருவின் உறுப்புகள் முதல் சில வாரங்களிலேயே உருவாவதால், கருத்தரிக்கும் முன்பே இக்கவனம் வேண்டும் என்கின்றனர். தோலில் பொருத்திய உணரியால் இடைவிடாது அளந்த முதல்வகை நீரிழிவுப் பெண்களுக்கு, மிகப் பெருத்த குழந்தைகள் பிறப்பது குறைந்ததை 2017-இல் வெளியான கான்செப்ட் ஆய்வு காட்டியது.

இவ்வரலாற்றில் மருத்துவர் பெயர்களே நமக்குக் கிடைக்கின்றன. விரலை நீட்டிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. முன்பு காரணம் தெரியாமல் பழி சுமந்த தாய், இன்று ஓர் எண் கூடினாலும் தன்னையே நொந்துகொள்கிறாள். நீரிழிவில் உள்ள 'இழிவு' இறக்கத்தைக் குறிப்பதே அன்றித் தாழ்வைக் குறிப்பதன்று. இதை அவளிடம் எடுத்துச் சொல்லும் கடமை, தமிழ் கற்ற நமக்கும் உண்டு.